அண்ணன் என்று அழைக்க மாட்டேன்

நான் மணக்கப் போகிறவர், இம்மாதத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒலிபெருக்கியில் என்னைத் தம் தங்கை என்று அறிவித்தார். ஓர் ஊரே கேட்டது.

அம்பாசமுத்திரத்துக்கு அருகே ஓர் அம்மன் கோயில் கொடை விழா. மாலையில் பட்டிமன்றம். குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா? ஆம், அதே தலைப்புதான்... கொடைக் கமிட்டிகளுக்கு வேறு எதுவும் பிடிப்பதில்லை. சிவராமன் கணவன் அணி. நான் மனைவி அணி. எதிரெதிர் மேசைகள்.

சிவராமனை, இந்த இதழில் நான் எழுதிவரும் இந்தப் பத்தியில் இதுவரை நான் அறிமுகம் செய்ததில்லை. என்ன சொல்லி அறிமுகம் செய்வது? ஒரே பட்டிமன்றக் குழுவில் சில ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். மணந்துகொள்வது என்று எங்களுக்குள் முடிவெடுத்தும் வெகுநாளாகிறது. என் வீட்டில் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சம்மதித்துவிட்டார்கள். அவர் வீட்டில்? நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார். அந்த நேரம் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறதோ, நானறியேன்.

சரி, நிச்சயதார்த்தம் நடக்காதவரை அவரை நான் எப்படித்தான் குறிப்பிடுவது? 'காதலன்' என்பது எழுத்தில் அழகாக இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நின்று சொல்லிப் பாருங்கள். 'லவ்வர்' என்றால் எங்கள் தெருவுக்கு ஒரு வாரத்துக்கு வேறு பேச்சு வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒருமுறை துணிந்து 'பார்ட்னர்' என்றேன். "அப்படியா, என்ன கடை வச்சிருக்கிய?" என்று கேட்டார். பழைய இலக்கியத்தில் 'தலைவன்' என்றொரு கம்பீரமான சொல் உண்டு. இன்று சொன்னால் எந்தக் கட்சி என்பார்கள்.

மனைவியின் சகோதரியை மணந்தவருக்குச் சகலை என்று பெயர் வைத்திருக்கிறோம். கணவனுடைய தம்பியின் மனைவிக்கு ஓரகத்தி. பெண்ணைக் கொடுத்த வீட்டாருக்கும் எடுத்த வீட்டாருக்கும் சம்பந்தி. சடங்கு முடிந்துவிட்டால் யாருக்கும் பெயர் சூட்டத் தயங்காத சமூகம் இது. இரண்டு பேர் தாமாகவே ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டால் மட்டும் இதன் நா ஏன் அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது?

பெயர் இல்லாவிட்டாலும் போகட்டும். எங்கள் குழுவில் அவருக்கு ஒரு பெயர் கட்டாயமாகத் தரப்பட்டிருக்கிறது. அதுதான் என் ஆத்திரம்.

பெண் பேச்சாளர் எவராயினும், மேடையில் ஆண் பேச்சாளரை 'அண்ணன்' என்றே அழைக்க வேண்டும். இது நடுவரின் சட்டம். பகலில் ஜவுளிக்கடை நடத்துகிறவர். மாலையில் தீர்ப்பு வழங்குகிறவர். சேர்ந்த புதிதில் ஏன் என்று கேட்டேன். "எம்மா, ஆம்பளையும் பொம்பளையும் ஒரே வேன்ல வந்து எறங்குதோம். அண்ணன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எந்தப் பயலும் வாய் தொறக்க மாட்டான்," என்றார். அதாவது, என் ஒழுக்கத்துக்கு நான் போதாது. ஒரு பொய் உறவு வந்து ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்.

மற்ற ஊர்களில் சொன்னதுபோல் அன்றும் 'அண்ணன்' என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அந்த ஊர் சிவராமனின் அம்மா பிறந்த ஊர். கமிட்டித் தலைவர் சிவராமனின் தாய்மாமா, அம்மாவின் அண்ணன். அம்மாவும் மாமாவும் முதல் வரிசையில் உட்காரப் போகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் ஓர் ஆணை ஊரறிய அண்ணன் என்று அழைத்துவிட்டால் கதை முடிந்தது. நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது, "அண்ணன்னு கூப்பிட்ட பிள்ளையையா கட்டப் போற?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். அதற்கு மறுப்புரை கிடையாது.

இதை வேனில் என்னிடம் விளக்கியவரே சிவராமன்தான்.

"இன்னைக்கு மட்டும் என்னை அண்ணன்னு சொல்லிராத. மாமா அதையே புடிச்சுக்கிடுவாரு."

"நீங்க தங்கச்சின்னு சொல்ல மாட்டியளே?"

"நான் ஏன் சொல்லுதேன்?"

முதலில் பேசியவர் அவர். நன்றாகவே பேசினார். கைதட்டல் ஏற ஏற, குரலும் ஏறியது. முடிக்கும்போது, எல்லா ஊரிலும் அவர் சொல்கிற அந்த வரிகள் தாமாகவே வந்து விழுந்தன: "அடுத்து என் அன்புத் தங்கை வருவார், மனைவிக்காக வாதாடுவார். பாவம், அவருக்கு இன்னும் திருமணமே ஆகவில்லை."

கூட்டம் சிரித்தது. அவர் அமர்ந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தார். பாதிக் குவளையில்தான் அவருக்கு உறைத்தது. முதல் வரிசையில் அவருடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகனின் போனில் என் படத்தைப் பார்த்து, "இந்தப் பிள்ளை உனக்கு என்ன வேணும்?" என்று முன்பே கேட்டவர் அவர். 'கூடப் பேசுற பிள்ளை' என்பது அன்று மகன் அளித்த பதில்.

நான் எழுந்தேன். நடுவரை விளித்தேன், பெரியோர்களை விளித்தேன், "எதிரணியில் பேசி அமர்ந்திருக்கும் சிவராமன் அவர்களே" என்றேன்.

நடுவர் மைக்கை இழுத்தார். "அண்ணன்னு சொல்லும்மா. அவரு தங்கச்சின்னு எம்புட்டு பாசமாச் சொன்னாரு."

"அவர் எனக்கு அண்ணன் இல்லை, நடுவர் அவர்களே."

"பெறகு என்ன வேணும்?"

பள்ளிக்கூட நாளிலிருந்து மேடை ஏறுகிறேன். எந்தத் தலைப்புக்கும் எந்தப் பக்கத்திலும் நின்று வாதாடியிருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு, கற்ற செந்தமிழில் ஒரு சொல் கிடைக்கவில்லை. வீட்டுத் தமிழில்தான் வந்தது.

"நான் கட்டிக்கிடப் போறவுக."

நடுவர் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியளா, மனைவி அணிக்காரிய மேடையிலேயே மாப்பிள்ளை புடிக்காவ." கூட்டம் குலுங்கியது. "கல்யாணச் சோறு எப்பம்ளா போடுத?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். அன்று மாலையின் மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

நண்பர்களே, இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் சொன்ன பொய்யைப் பாசம் என்று ஊர் நம்பியது. நான் சொன்ன மெய்யை நகைச்சுவை என்று ரசித்தது. தங்கை என்றவர் கண்ணியவான். கட்டிக்கொள்ளப் போகிறவர் என்றவள் வாயாடி. எந்த நியாயத்தில் சேர்த்தி இது?

ஏமாறாதவர்கள் இருவர். நிகழ்ச்சி முடிந்ததும் மாமா மேடைக்குப் பின்னால் வந்தார்.

"ஏலே, நீ தங்கச்சின்னு சொல்லுத. இந்தப் பிள்ளை கட்டிக்கிடப் போறேங்கு. ரெண்டுல எது நெசம்?"

"மாமா... வாய் பழகிப் போச்சு."

"எது பழகிப் போச்சு? பொய்யா?"

அம்மா குறுக்கே வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா, அளவெடுப்பா, எனக்குப் புரியவில்லை. "விடுங்கண்ணே. பிள்ளை சொல்லிட்டுது. இனி இவன் சொல்லட்டும். இவன் வாயால சொன்னாத்தான் நான் பொண்ணு கேக்கப் போவேன்."

ஒரு வாக்கியம் போதும். அங்கேயே சொல்லியிருக்கலாம். வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சிவராமன் வேனைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து விவரமாப் பேசுதேன், மாமா," என்றார்.

மறுநாள் நடுவர் எனக்குப் போன் செய்தார். அடுத்த நிகழ்ச்சிக்கு நான் வர வேண்டாமாம். சட்டத்தை மதிக்கிற வேறொரு பெண் கிடைத்துவிட்டாராம். சிவராமன் வழக்கம்போல் வரலாமாம். இதை அவரிடம் சொன்னேன். "நான் நடுவர் அண்ணாச்சிகிட்ட பைய எடுத்துச் சொல்லுதேன்," என்றார். பைய என்றால் மெதுவாக. இந்தப் 'பைய'வில் எத்தனை பெண்களின் இளமை கரைந்திருக்கும்?

அந்த ஞாயிறு வந்தது, போனது. அன்று மாமா ஊரில் இல்லையாம். அடுத்த ஞாயிறு மழையாம். ஐந்து நிமிடம் கொடுத்தால் அரை மணி நேரம் பேசுகிறவருக்கு, மூன்று சொற்களைச் சொல்ல வானிலை சரியில்லை.

வருகிற ஞாயிறு கட்டாயம் போவதாகச் சொல்லியிருக்கிறார். நம்புகிறேன். அவருடைய அம்மா போனில் ஒரு செய்தி சொன்னார்: மாமா வீட்டில் இந்த இதழை வாரந்தோறும் வாங்குகிறார்கள், முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தானாம்.

இதழ் கடைக்கு வருவது அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில், சிவராமன் அவர்களே.