கொசுறுக் கறிவேப்பிலை

எங்கள் கடையில் கறிவேப்பிலை விற்றதே இல்லை. தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையை ஒட்டிய மளிகைக்கடை அது. மல்லி வாங்கினாலும் மஞ்சள் வாங்கினாலும் பொட்டலத்தின் மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை அப்பா வைத்துவிடுவார். "இதுக்குப் போயி காசு வாங்குனா கை விளங்காது" என்பது அவர் கட்சி.

எழுபதுகளின் கடைசியில் நான் தேசிய சேவையில், கட்டாய ராணுவப் பயிற்சியில் இருந்தேன். சனிக்கிழமை முகாமிலிருந்து திரும்பும்போதெல்லாம் எங்கள் வரிசையில் ஏதாவது ஒரு கதவு புதிதாக அடைத்திருப்பதுபோல் தோன்றும். போட்டோ ஸ்டூடியோ போயிற்று. தையல்கடை போயிற்று. மாடியறைகளில் நெருக்கியடித்துக் குடியிருந்தவர்களுக்குத் தோ பாயோவிலும் குவீன்ஸ்டவுனிலும் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைத்துவிட்டது. யாரைக் குறை சொல்ல? வீட்டுக்குள்ளேயே குழாய், சொந்தக் கழிவறை.

பக்கத்தில் கோரைப்பாய் விற்ற பாய்க்கடைச் சீனரும் தோ பாயோவுக்குப் போனார். போனவர் சொல்லியனுப்பினார்: அவர் கடைக்குப் பக்கத்தில் ஒரு கடை காலி, மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"மக்கள் எங்கே வாழ்கிறார்களோ, அங்கேதான் வணிகம் செழிக்கும், அப்பா" என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். முக்கியமான விஷயம் என்றால் வாயில் பாடப்புத்தகத் தமிழ்தான் வரும்.

"ரேடியோச் செய்தி முடிஞ்சுதா? இனி பாட்டுப் போடுவியா?" என்றார் அப்பா.

அம்மா முக்காலியில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். "அவன் சொல்றது சரி லா. இங்க ஈ ஓட்டுறதுக்குக்கூட ஈ வர மாட்டேங்குது."

"எங்க குடி போனாலும் தாளிக்கணும்ல? கறிவேப்பிலைக்காச்சும் வந்துதானே ஆகணும்."

அது முழுப்பொய்யும் அல்ல. பஸ் ஏறி வந்து கொஞ்சம் கடுகு வாங்கி, கை நிறையக் கறிவேப்பிலையோடு போகிறவர்கள் இருந்தார்கள். "இவங்க கடுகு வாங்க வர்றாங்களா, கறிவேப்பிலைக்காகக் கடுகு வாங்குறாங்களா?" என்று அம்மா கேட்பார். அப்பா காது கேளாதவர்போல் தராசைத் துடைப்பார்.

அந்த மாதம் ஒரு காதுகுத்துக்கு அழைப்பு வந்தது. எங்கள் கடைக்கு மேல்மாடியில் இருந்து ஆறேழு வருஷத்துக்கு முன்பே தோ பாயோவுக்குப் போன, சந்தே 'அக்கா' என்று கூப்பிட்டவரின் பேத்திக்கு. பல மாதங்களாக அவர் கடைப்பக்கம் வரவில்லை. "முட்டிவலியா இருக்கும், பாவம்" என்று சொல்லி, அப்பா பெரிய கட்டாகக் கறிவேப்பிலையைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வாசம் பஸ் முழுக்க. நான் சீருடையில் இல்லாததற்கு மகிழ்ந்தேன்.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே பந்தி. அக்கா ஓடிவந்து கட்டை வாங்கிப் பிரித்தார், சிரித்துவிட்டார்.

"ஏண்ணே, இத ஏன் சொமந்துக்கிட்டு வந்தீங்க? பின்னாடி மரமே நிக்குது!"

நின்றது. புளோக்குக்குப் பின்னால் புல்தரையில், அப்பாவின் தலைக்கு மேல் ஒரு முழம் உயரம்.

"இந்த புளோக்கே இதுலதான் தாளிக்குது" என்றார் அக்காவின் கணவர்.

அப்பா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். "கன்னு எங்க வாங்குன?"

"வாங்குறதாவது! நீங்க குடுத்த கொத்துலதான் பழம் இருந்துச்சு. தொட்டியில போட்டேன், மொளைச்சுச்சு, கீழ கொண்டாந்து நட்டேன்."

நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கொசுறு குடுத்தே கடைய மூடுன மொத ஆளு நாந்தான்!"

"மூடாதீங்கண்ணே. இலை கெடைக்குது, நல்ல மல்லியும் மொளகாயும் கெடைக்கலையே. அதுக்குத் தேக்கா வரைக்கும் வர முடியலண்ணே, முட்டி வலிக்குது."

"நான் சொன்னேன்ல, முட்டிவலின்னு" என்று அப்பா என்னிடம் வெற்றியோடு சொன்னார்.

சாப்பிட்டதும் பஸ் நிறுத்தம் இருந்த பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமாக நடந்தார்.

"எங்கப்பா?"

"பாய்க்கடைக்காரன் கடை எந்தப் பக்கம்னு கேளு. நீதான் இங்கிலீசு படிச்சவன்ல."

தராசும் அம்மாவின் முக்காலியும் எங்களோடு தோ பாயோவுக்கு வந்தன. முதல் வாரத்திலேயே அக்கா தம் மரத்திலிருந்து ஒரு கட்டு ஒடித்துக் கல்லாவுக்கு முன்னால் வைத்தார். பிறகு அது வழக்கமாயிற்று. அப்பா அதைச் சின்னக் கொத்துகளாகப் பிரித்து, ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார். மல்லி வாங்கினாலும் மஞ்சள் வாங்கினாலும் பொட்டலத்தின் மேல் ஒரு கொத்து.

ஒருநாள் அக்காவின் பொட்டலத்தின் மேலும் வைத்தார்.

"என் மரத்தையே எனக்குக் கொசுறா குடுக்குறீங்களா?"

"மரம் உன்னோடது. கொசுறு கடையோடது. எடுத்துக்கிட்டுப் போ, தங்கச்சி."

எடுத்துக்கொண்டுதான் போனார்.