கோடாலிக்காரரின் மட்டைப்பிடி

மடக்கிய குடையின் நுனியைத் தரையில் ஊன்றி, அதன் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அரிமளம் பேருந்து நிறுத்தத்தில் நின்றார் சேவுகன். இடது கை மேலே, வலது கை அதை ஒட்டிக் கீழே. குனிந்து பார்த்தார். ஒரு விரலைக் கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி குனிந்து பார்த்தார். அதற்குள் புதுக்கோட்டை பஸ் வந்து, நின்று, கிளம்பியும் போய்விட்டது. "என்னண்ணே, பஸ்ஸை விட்டுட்டீங்களே?" என்றேன். "போகட்டுங்க. இப்பத்தான் வெரலு ஒழுங்கா உக்காந்துச்சு" என்றார்.

வயது நாற்பத்தொன்று. விறகுக் கடையில் தைலமரக் கட்டை பிளக்கிறார். பிளப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டையையும் காலால் உருட்டிப் பார்ப்பார். கணு இருந்தால், "நீ மொரடு, அங்கிட்டுப் போயி இரு" என்று ஓரம் தள்ளிவிடுவார். சாயங்காலம் மூன்று டம்ளர் மோர் குடிப்பார், நான்காவதைக் கேட்கலாமா என்று யோசிப்பார். பதினைந்து வருடமாக எங்கள் ஊர் கிரிக்கெட் அணியில் ஆடுகிறார். ஸ்கோர் எழுதுகிறவன் நான்தான் என்பதால் மறைக்க முடியாது: ஒரு ஆட்டத்தில் அவர் எடுத்த அதிகபட்ச ரன் ஒன்பது. ஆனால் எல்லைக்கோட்டிலிருந்து அவர் எறிகிற பந்து கீப்பரின் கையில் வந்து அறைகிற சத்தம் இருக்கிறதே, அப்பப்பா! அதற்காகவே அவரை வைத்திருந்தோம்.

வம்பு கேப்டன் வாயிலிருந்து வந்தது. கேப்டன் சூர்யபிரகாஷ் செல்போன் கடை வைத்திருக்கிறான். யூடியூப்பில் பார்த்ததையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். ஒருநாள் எல்லோரையும் நிற்க வைத்து, "மட்டையைக் குப்புறப் போடுங்க. கோடாலியத் தூக்குற மாதிரி தூக்குங்க. அவ்வளவுதான், கரெக்ட் பிடி" என்றான். வாழ்நாளில் கோடாலியைத் தொட்டிராத பத்துப் பேருக்கும் அது உடனே புரிந்தது. நிஜமாகவே கோடாலி பிடிக்கிற ஒரே ஆள்தான் மாட்டிக்கொண்டார். கோடாலியில் இடது கை காம்பின் அடியில் அசையாமல் இருக்கும். வலது கை இரும்புப் பக்கம் உயரத்தில் இருந்து, ஓங்கி இறக்கும்போது காம்பில் வழுக்கிக்கொண்டு வந்து இடது கையோடு சேரும். சேவுகன் மட்டையையும் அப்படியே பிடித்தார். வலது கை மட்டையின் பலகையில் இருக்க, கார்க் பந்து நேராக அவர் ஆள்காட்டி விரலில் வந்து விழுந்தது.

நகம் கறுத்துப்போய், எட்டு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. அவர் மனைவி புவனேஸ்வரி, "இன்னொரு தடவ வெரலு வீங்கட்டும், அந்த மட்டையப் பொளந்து அடுப்புல வச்சுருவேன்" என்றார். கேப்டனும் சும்மா இருக்கவில்லை. "வருத்தப்படாதீங்கண்ணே. திருமயத்துக்காரங்களோட மேட்சுக்குள்ள பிடிய மாத்திருங்க. இல்லேன்னா ஒங்க எடத்துல வேற ஆளப் போட்டுருவேன். அதுக்கப்பறம் கூப்புடவும் மாட்டேன்." சேவுகன் அன்றைக்கு மோர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு மனசே கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லாவிட்டால் அந்த மனிதருக்கு வாரம் முழுக்க விறகுதான்.

மாற்றிப் பார்க்காமல் இல்லை. வெறுமனே நிற்கும்போது இரண்டு கையும் ஒட்டியிருக்கும். பந்து கிளம்பியதும் வலது கை தானாகக் கீழே இறங்கிவிடும். "நான் எறக்கலங்க, அதுவா எறங்குது" என்பார். இருபத்திரண்டு வருடம் கோடாலி பழகிய கை, மட்டையும் கோடாலிதான் என்று ஒருதரம் கேட்டுவிட்டது; இனி சொன்னால் கேட்குமா?

வழி கண்டுபிடித்தது புவனேஸ்வரிதான். தெருவில் அடிபம்பில் அவர் தண்ணீர் அடிப்பதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இப்பக் கை ரெண்டும் ஒட்டிக்கிட்டுத்தான இருக்கு? இது மட்டும் ஏன் வழுக்கல?" என்று கேட்டார். சேவுகன் பம்பையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் ஐம்பது குடம். வீட்டில் நிரப்ப இடமில்லாமல் போனதும் பக்கத்து வீடுகளுக்கும் அடித்துக் கொடுத்தார். தெருப் பெண்கள் அந்தப் பதினைந்து நாளும் ராணி மாதிரி இருந்தார்கள். பம்பு இல்லாத இடத்தில் குடை, துடைப்பம், சைக்கிள் பம்பு, எது கிடைத்தாலும் சரி.

திருமயத்துக்காரர்களோடு ஆடும் ஞாயிறு வந்தது. பதினோரு பேரில் அவர் பெயரையும் எழுதச் சொன்னான் கேப்டன், அரை மனதாக. கடைசிக்கு முந்தைய ஓவரின் முதல் பந்தில் எங்களுக்கு எட்டாவது விக்கெட் விழுந்தது. மீதி பதினோரு பந்து, வேண்டியது ஆறு ரன். சேவுகன் இறங்கினார். எதிர்முனையில் நின்ற சூர்யபிரகாஷ் ஓடிவந்து, "அடிக்க வேணாம்ணே. அஞ்சு பந்த மட்டும் நிப்பாட்டுங்க, அடுத்த ஓவர நான் பாத்துக்கிறேன்" என்றான். சேவுகன் தலையை ஆட்டிவிட்டு, குனிந்து ஒரு விரலை நகர்த்தினார்.

முதல் பந்து மட்டையில் பட்டுக் காலடியில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஸ்டம்பை ஒட்டி விலகிப் போனது, அவர் தொடவில்லை. நான்காவது தொடை உயரத்தில் தரையில் படாமல் வந்தது. அடித்துத் தள்ளுவதற்கென்றே வந்த பந்து. வலது கை கீழே இறங்கப் பார்த்ததை நான் ஸ்கோர் எழுதும் இடத்திலிருந்தே பார்த்தேன், பேனாவைக் கடித்துக்கொண்டேன். இறங்கவில்லை. பந்து மட்டையில் மோதிச் செத்து விழுந்தது. ஐந்தாவதையும் நிறுத்திவிட்டார். நோட்டில் ஐந்து புள்ளி வைத்தேன். அவ்வளவு சந்தோஷமாகப் புள்ளி வைத்ததே இல்லை.

அடுத்த ஓவரில் சூர்யபிரகாஷ் முதல் பந்தை நான்குக்கும், இரண்டாவதை இரண்டுக்கும் அடித்தான். பையன்கள் கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார்கள். சேவுகன் பூஜ்யம், ஆட்டமிழக்கவில்லை. "ஜெயிச்சுட்டோம்ணே! அடுத்த வாரம் ஏழரைக்கெல்லாம் வந்துருங்க" என்று கத்தியபடி கேப்டன் கையை நீட்டிக்கொண்டு அவரிடம் வந்தான். சேவுகன் மட்டையில் ஒட்டியிருந்த இரண்டு கையையும் பிரிக்காமல், வலது முழங்கையை நீட்டினார்.