சுற்றிப் பார்க்காத சக்கரம்

சென்னையில் போட்டி, நல்ல புதுக் கண்டுபிடிப்புக்குப் பரிசு, தேர்வாகும் கருவியைப் போட்டி நடத்தும் நாங்களே நிறையச் செய்து தேவைப்படும் ஊர்களுக்குக் கொடுப்போம் என்று பாலிடெக்னிக் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதை அப்படியே நம்பினேன். இன்றைக்கும் வயிறு எரிவது அதற்குத்தான்.

என் கருவி, சாமையின் உமியை நீக்கும் கைச்சக்கரம். கல்வராயன் மலையில் பெண்கள் உரலில் குத்திக் குத்தித் தோள் செத்துப்போவதைப் பார்த்துச் செய்தது. மோட்டார் வைக்கட்டுமா என்று அங்கே ஒரு அக்காவிடம் கேட்டேன்.

"மொதல்ல கரண்ட கொண்டா. அப்பால மோட்டார பாக்கலாம்" என்றாள்.

மூன்று கால் சட்டத்தில் ஏற்றிக் கைப்பிடி வைத்தேன். இரும்புக்கடை பாய் மகன் என் வகுப்புத் தோழன். ரப்பர் உருளையும் பேரிங்கும் அவன் கொண்டுவந்தான்.

நாங்கள் இருவரும் போட்டிக்குப் புறப்பட்ட நாளில் இட ஒதுக்கீடு கேட்டு மறியல். பஸ் இல்லை. கருவியைச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டி, உளுந்தூர்பேட்டைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். தியாகதுருகம் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே புளியமரம் கிடந்தது. மேலே ஆட்கள்.

"இன்னாடா அது? பொணத்துக்கும் புள்ளத்தாச்சிக்கும்தான் வழி."

"பொணம்னே வச்சிக்குங்கண்ணா. கால் மட்டும் மூணு" என்றான் தோழன்.

சிரித்துவிட்டார்கள். நாலு பேர் தோள்கொடுத்து, நிஜமாகவே பாடை தூக்குவதுபோல், மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவைத்தார்கள். உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

சென்னையில் மண்டபத்துக்குள் நுழைந்தபோது நடுவர்கள் பாதிக் கருவிகளைப் பார்த்து முடித்திருந்தார்கள். கண்ணாடி போட்ட நடுவர் எங்கள் ஊரைக் கேட்டார். சொன்னேன்.

"மரத்த வெட்டிப் போடறதும் நீங்க, லேட்டா வந்து சலுகை கேக்கறதும் நீங்க. இங்கயும் கோட்டாவா?"

"ஒரு தடவ சுத்திப் பாருங்க சார். சாமை கொண்டாந்திருக்கேன்."

"எத்தன வாட்ஸ்?"

"கையால சுத்தறது சார்."

"அப்ப திருகைதானே. இதுல டெக்னாலஜி எங்க இருக்கு?"

கைப்பிடியைத் தொடக்கூட இல்லை. வாசலில் ஆள் நின்றால் தானாகப் பாடும் காலிங்பெல்லுக்குப் பரிசு கொடுத்தார்கள். கரண்டே இல்லாத மலையில் அதை எந்தக் கதவில் மாட்டுவதாம்?

திரும்பும்போதும் அதே மரம், அதே ஆட்கள்.

"இன்னாடா, ஜெயிச்சியா?"

"சுத்திகூட பாக்கலண்ணா" என்றான் தோழன். நான் சாக்கை அவிழ்த்தேன்.

ஒருவர் துண்டை விரித்தார். நடுவருக்கென்று கொண்டுபோன சாமையைக் கொட்டி அவரே சுற்றினார். உமி ரோடெல்லாம் பறந்தது. அரிசியை வாயில் போட்டுக் கடித்தவர், "நல்லாதான உரியுது. அவனுங்களுக்கு இன்னா நோவு?" என்றார்.

உரியும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொள்ள வேண்டியவன் கையை நீட்டவே இல்லையே.

அந்த ஒரே சக்கரத்தை மலைக்குக் கொண்டுபோய் அக்கா வீட்டில் வைத்தேன். "மத்த வூட்டுக்கெல்லாம் எப்ப வரும்?" என்று கேட்டாள். வரும் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். மலையிலிருந்து இறங்கினேன். வழியெல்லாம் உலக்கைச் சத்தம்.