இருபது கோடு

யார் என்ன சொன்னாலும் சரி, பூவம்மாள் அளவில் தவறியவள் இல்லை. மணவூர்ப் பக்கம் வேர்க்கடலை ஆயும் நாட்களில் கூலிக்காய் அளக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று அவள் கொட்டினால், காட்டுக்காரரும் வாய் திறக்கமாட்டார், கூலிக்காரிகளும் வாய் திறக்கமாட்டார்கள்.

புருஷன் வேடியப்பனுக்குச் சர்க்கரை முற்றியபோது, ஆஸ்பத்திரி நர்ஸம்மா இன்சுலின் போடும் சிவப்பு மூடி ஊசியைக் காட்டி, காலையில் இருபது கோடு என்று சொல்லிக்கொடுத்தாள். எழுத்துத் தெரியாதவளுக்குக் கோடு போதும். நாலு வருஷம், விடிந்ததும் வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்து, லாபத்தில் தொடங்கி எண்ணிப் போட்டாள்.

"ஒரு கோடு கொறைஞ்சா இன்னாடி? கூலிக்காயா இது, சண்டைக்கு வர்றதுக்கு?"

"சும்மா குந்து. ஆட்டிக்கினே இருந்தா எண்ணிக்கை தப்பும்."

போன ஆடியில் ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்துவிட்டது. மகள் சௌமியா திருத்தணிக் கடையில் வாங்கிவந்தாள். கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில் நின்று விவரம் கேட்க முடியவில்லை.

"எம்மா, இதுக்கு வேற ஊசியாம். ஆரஞ்சு மூடி. அதுலயே போடு," என்றவள் பஸ்ஸுக்கு ஓடினாள். ஏன் என்று அவளுக்கும் தெரியாது.

சிவப்பு மூடி ஊசி இன்னும் ஐந்து கிடந்தது. எதற்கு வீணாக்குவது? புது ஊசியின் கோடுகளும் அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பழைய ஊசியிலேயே புது மருந்தை இழுத்தாள். இருபது கோடு. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

களை எடுக்கப் போய்த் திரும்பியபோது, வேடியப்பன் வேர்வையில் நனைந்து, பல் கிட்டிக் கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்து பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். "இதுல மருந்து ரெண்டரை மடங்கு கெட்டிம்மா. பழைய ஊசியில இருபது கோடுன்னா, இருபது யூனிட்டுக்கு அம்பது யூனிட் உள்ள போயிருக்கு. சர்க்கரை அடியோட எறங்கிடுச்சு."

"சரியாத்தான் எண்ணினேன் சார்."

"எண்ணினது சரிதாம்மா."

அவள் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "அதே மரக்கால்தான், ஈரக்காய்னா எடை கூட நிக்கும். அப்படியா சார்?"

"அப்படித்தாம்மா."

மூன்றாம் நாள், கண் திறக்காமலே வேடியப்பன் போய்ச் சேர்ந்தான்.

காரியம் முடிந்த அன்று சௌமியா தாய் மடியில் விழுந்தாள். "நான் வெவரம் கேட்டுகினு வந்திருக்கணும்மா. நைனாவ நான்தான்..."

பூவம்மாள் அவள் வாயைப் பொத்தினாள். "நீ சொன்ன. நான் கேக்கல. போட்டது என் கை. உன் பேர இதுல இழுக்காத."

சௌமியா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பழியைத் தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மற்றவளுக்கு விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.