எப்சம் வாசலில் ஒரு மஞ்சப்பை

மார்ச் மாதம் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போனது ஊர் சுற்ற இல்லை. அங்கே பக்குரங்கா பகுதியில் தங்கை வசந்தி வீடு வாங்கியிருந்தாள், அதைப் பார்க்கத்தான் போனேன். அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டால் எனக்குப் பேச்சுத்துணை பக்கத்து வீட்டு மிரியம்தான். யூதப் பெண்மணி, என் வயது. என் அரைகுறை ஆங்கிலத்தை வைத்துக்கொண்டே வேலியோரம் ஒட்டிக்கொண்டோம்.

அவர்களுடைய ஜெபாலயம் எப்சமில் இருக்கிறது, சின்னக் கட்டடம். சுவரில் யாரோ அசிங்கமாக எழுதிவிட்டுப் போன நாளிலிருந்து வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. மிரியம் கமிட்டியோடு மல்லுக்கட்டி, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் திறந்துவிடச் சம்மதம் வாங்கியிருந்தார். நிபந்தனை ஒன்றுதான்: ஏதாவது நடந்தால் உடனே மூடிவிடுவோம், அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. "ஒளிந்து ஒளிந்து கும்பிட்டது போதும்" என்று சொல்லி என்னையும் அழைத்தார். அழைத்த பாவத்துக்கு நான் செய்ததைக் கேளுங்கள்.

பக்குரங்காவிலிருந்து எப்சம் சுமார் பதினைந்து கிலோமீட்டர். டாக்சிக்கு ஐம்பத்தைந்து டாலர், அரை மணி நேரம். பேருந்தில் போனால் செலவு குறையும், நேரம் இரட்டிப்பாகும். டாக்சி ஓட்டியவர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், ஆக்லாந்திலேயே மவுண்ட் வெல்லிங்டனில் குடியிருக்கிறார்.

"அங்க என்னக்கா விசேஷம்?"

விஷயத்தைச் சொன்னேன். "வெல்லிங்டன்லருந்து அமைச்சரே வர்றாங்களாம். போலீஸ் பாதுகாப்பெல்லாம் இருக்குமாம்" என்றேன்.

"பொலிஸோ?" என்றார். "எங்கட கடைய எரிக்கேக்கயும் பொலிஸ் நிண்டதுதான் அக்கா. கையக் கட்டிக்கொண்டு எங்களப் பாத்துக்கொண்டு நிண்டவங்கள். நான் உங்கள முனையில இறக்கி விடுறன். அவங்கள் நிக்கிற இடத்துக்கு வரமாட்டன்."

"இத்தனை வருஷம் கழிச்சுமா?"

"ஓம்."

திரும்பக் கூட்டிப்போக அங்கேயே காத்திருப்பதாகச் சிவநேசன் சொல்ல, தெருமுனையில் இறங்கி நடந்தேன். வாசலில் பழக்கதோஷம் என் கையைப் பிடித்துக்கொண்டது. மதுரையில் கோயிலுக்குப் போனால் செருப்பைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டு, ஓரமாக வைத்துவிட்டுப் போவேன். அப்படி வைத்தால் தொலையாது. இங்கேயும் அதையே செய்தேன். பையை வேலிச் செடியோரம் வைத்துவிட்டு, அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனேன். புடவை தரையைத் தொட்டதால் வெறுங்கால் யார் கண்ணிலும் படவில்லை.

அமைச்சர் ஒரு பெண்மணி. மாலை, சால்வை ஒன்றும் கிடையாது. யூதர்கள் மீதான வெறுப்பை விரட்டுவது யூதர்களின் வேலை இல்லை, அரசாங்கத்தின் வேலை என்றார். பல நாடுகளில் இதற்கென்றே தனி அதிகாரிகள் இருப்பதைச் சொன்னார். கேமராவுக்கும் இரும்புக் கதவுக்கும் பணம் தருகிறோம், ஆனால் அந்தக் கதவு பயமில்லாமல் திறந்திருக்கிற நாள்தான் எங்களுக்கு வெற்றி என்றும் சொன்னார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பேச்சுக்கென்ன, எங்கள் வார்டு கவுன்சிலர்கூடப் பிரமாதமாகப் பேசுவார்.

அடுத்த நிமிடம் வெளியே சைரன் அலறியது; காவலர் ஒருவர் வந்து எல்லோரையும் பின்பக்கத் தோட்டத்துக்குப் போகச் சொன்னார். வாசலில் யாரோ ஒரு மர்மப் பையை வைத்திருக்கிறார்களாம். மிரியத்தின் முகம் வெளுத்துவிட்டது. கமிட்டித் தலைவர், நெட்டையான பெரியவர், "நான் சொன்னேனே" என்பது போல அவரைப் பார்த்தார். அமைச்சரின் உதவியாளர்கள் பின்வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அமைச்சர் ஏறவில்லை. "இவர்கள் எல்லோரும் போன பிறகுதான் நான் போவேன்" என்று சொல்லிவிட்டுப் புல்தரையில் எங்களோடு நின்றுகொண்டார். எங்கள் கவுன்சிலரை நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் புல் என் உள்ளங்காலில் குளிர்ந்தது. அட கடவுளே! செருப்பு!

கையைத் தூக்கினேன். "பை மஞ்சள் கலரா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். "அது என் செருப்பு" என்று சொல்லிப் புடவையைக் கொஞ்சம் தூக்கி வெறுங்காலைக் காட்டினேன். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். போலீஸ்காரர்கள் நிதானமாகச் சோதித்துவிட்டுப் பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். யாரும் திட்டவில்லை.

நெட்டைப் பெரியவர் மட்டும் என்னிடம் வந்தார். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டார். "சாமி இருக்கிற இடத்துக்குச் செருப்போடு வர மனசு வரவில்லை" என்றேன், கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "கதவை மூடிவிடாதீர்கள். தப்பு என்னுடையது, மிரியத்துடையது இல்லை."

அவர் என் காலைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார், மிரியத்தைப் பார்த்தார். "அடுத்த வருடம் வாசலில் செருப்பு அலமாரி ஒன்று வைக்க வேண்டும், மிரியம்" என்றார். மிரியம் என்னைக் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் என் முதுகு வலித்தது. கதவை மறுபடியும் திறந்தார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். சனிக்கிழமை அவர்களின் வழிபாட்டு நாள், அன்று படம் எடுக்காதீர்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும், தொப்பி அங்கேயே தருவார்கள். அடையாள அட்டை அவசியம். பையை உங்கள் கண்மணி போலக் கையிலேயே வைத்திருங்கள். கெடுபிடியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் கெடுபிடி இருப்பதால்தான் நம்மை உள்ளே விட முடிகிறது.

நான் வெளியே வந்தபோது முனையில் இருக்க வேண்டிய சிவநேசன் எதிர் நடைபாதையில் நின்றிருந்தார்.

"சைரன் கேட்டுது. உங்களுக்கு என்னவோ ஏதோண்டு ஓடி வந்தனான்" என்றவர், வாசலில் நின்ற போலீஸ்காரர்களைக் காட்டினார். "பாத்தீங்களோ அக்கா? எல்லாரும் றோட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். உள்ள இருக்கிற சனத்துக்கு முதுகக் காட்டிக்கொண்டு."

நானும் பார்த்தேன். அப்படித்தான் நின்றார்கள்.

"மூட இன்னும் அரை மணித்தியாலம் இருக்குதெல்லோ? நானும் உள்ள போகலாமோ?"

"லைசென்ஸ் இருக்குல்ல? காட்டிட்டுப் போங்க" என்றேன். "செருப்ப மட்டும் கழட்டிராதீங்க."