லில்லியிடம் சொல்லிவிட்டு

அந்த நாய்கள் குரைத்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அவை குரைக்கவே இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த கோடை அது. இலுப்பூருக்குப் பக்கத்தில், தைலமரக் காட்டை ஒட்டி எங்கள் வீடு. அப்பா துபாயில். வீட்டில் அம்மா, அத்தை, நான், அப்புறம் லில்லி. லில்லி ஒரு வெள்ளைச் சடைநாய். படுத்திருந்தால் தேங்காய்ப்பூத் துண்டைச் சுருட்டிப் போட்டது போல இருக்கும். அப்பா லீவில் வந்தபோது எனக்கென்று திருச்சியிலிருந்து வாங்கி வந்தார். வாங்கித் தந்தது எனக்கு, சோறு வைத்தது அத்தை. அதனால் ஒரே வாரத்தில் அது அத்தையின் நாய் ஆகிவிட்டது.

அத்தை அப்பாவின் அக்கா. பிள்ளை இல்லை. பல வருஷம் பார்த்துவிட்டு, “கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்” என்று மாமா வீட்டார் கொண்டுவந்து விட்டார்களாம். அந்தக் கொஞ்ச நாள் நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கி அப்போதும் முடியாமல் இருந்தது. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் “வந்துருக்கா” என்றால் விருந்துக்கு வந்திருக்கிறாள் என்று பொருள். “வந்துட்டா” என்றால் இனி போகமாட்டாள். அத்தையை மட்டும் ஊர் கடைசிவரை “வந்துருக்கா” என்றே சொன்னது. அதுவும் ஒரு மரியாதைதான்.

அத்தை தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போது முதுகு தேய்க்க நான்தான் போவேன். அவள் வயிற்றில் ஒரு தழும்பு உண்டு. தொப்புளுக்குக் கீழே நட்ட நடுவில், தண்டவாளம் போல நேராக இறங்கும். அதற்கொரு கதையும் உண்டு. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் வயிற்றுவலியில் சுருண்டு விழுந்தாளாம். அப்பா அப்போது மீசை முளைத்த பையன். வாடகைக் காரில் தூக்கிப் போட்டுத் திருச்சிக்குக் கொண்டுபோய், கையெழுத்துப் போட்டு ஆபரேஷன் செய்ய வைத்தார். “குடல்வால் வெடிச்சிருச்சு. கொஞ்சம் பிந்தியிருந்தா அக்கா இல்ல” என்று அவர் சொல்லும்போதெல்லாம், யாருக்கோ நடந்ததைக் கேட்பது போல அத்தை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

லில்லி தரையில் விட்டுப்போன சிவப்புப் பொட்டுகளை முதலில் பார்த்தது நான். முள் குத்தியிருக்கிறது என்று நினைத்து அதன் பாதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, “அட, லில்லி பெரிய மனுஷி ஆயிட்டா!” என்றாள். என் பழைய ஜட்டி ஒன்றில் வாலுக்கு ஓட்டை போட்டு மாட்டிவிட்டாள். மஞ்சள் பூப்போட்ட ஜட்டி. லில்லி அதைப் போட்டுக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் சுவரோரமாகவே நடந்தது.

“மாமன் சீர் யாரு கொண்டாருவா?” என்று அம்மா சிரித்தாள்.

சீர் வரவில்லை. நாய்கள் வந்தன.

உச்சி வெயிலில், தைலமரக் காட்டுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் தெரு நாய்களை எனக்குத் தெரியும். இவை வேறு. ஒன்றின் கழுத்தில் அறுந்த கயிறு தொங்கியது. ஒன்றுக்கு ஒரு காது இல்லை. வேலிக்கு வெளியே, ஆள் வைத்து அளந்தது போல இடம் விட்டு, வீட்டைப் பார்த்து உட்கார்ந்தன. கல்லை விட்டெறிந்தால் எழுந்து, நாலடி தள்ளிப்போய், மறுபடியும் வீட்டைப் பார்த்தே உட்கார்ந்தன. வெயில் ஏற ஏற நாக்கைத் தொங்கப்போட்டன. தைல இலை உதிர்கிற சத்தம்தான் கேட்டது.

“பந்திக்கு எலை போடுவாகன்னு ஒக்காந்துருக்கா?” என்று பால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து எதிர்வீட்டிலேயே பாலை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா மிளகாய்த்தூள் தூவினாள், பினாயில் ஊற்றினாள், லில்லியின் வாலில் தலைவலித் தைலம் தடவினாள். லில்லி தும்மியது. நாய்கள் அசையவில்லை.

நான் பயந்தது வேறொன்றுக்கு. அத்தை தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போனபோது அத்தனை முகங்களும் அவளோடு சேர்ந்து திரும்பின. அவள் நடந்தால் எழுந்து பின்னால் நடந்தன. அவள் நின்றால் நின்றன. லில்லியை மடியிலேயே வைத்திருந்ததால் சேலையெல்லாம் அந்த வாடை என்று இன்று சொல்வேன். அன்று, அவை லில்லிக்காக வரவில்லை, அத்தையைக் கூட்டிப்போக வந்திருக்கின்றன என்றுதான் நினைத்தேன். எதிர்வீட்டுப் பெரியம்மாவும் அதையே சொன்னாள், குழாயடியில் நாலு பேர் கேட்க.

“கூட்டிட்டுப் போக யாரும் வரலையேன்னு இருந்தியே. இப்பப் பாரு, எத்தனை பேரு வந்துருக்காகன்னு!”

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். குடத்தைத்தான் பாதியிலேயே தூக்கிவிட்டாள்.

ஒரு மத்தியானம் அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தால், ஒற்றைக் காது நாய் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. எந்த வழியாக வந்தது என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. அத்தையின் மடியைப் பார்த்துக்கொண்டு நின்றது. மடியில் லில்லி. அம்மா போட்ட கூச்சலில், வந்தது போலவே சத்தமில்லாமல் வெளியே போனது.

அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்துப் புதுக்கோட்டை மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா லில்லியை மேசையில் நிறுத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்றார்.

“ஆனா இத்துனூண்டு ஒடம்பும்மா. அந்தப் பெரிய நாய்ங்க குட்டி இது வயித்துல தங்குனா பிரசவத்துல இது பொழைக்காது. ஆபரேஷன் பண்ணிட்டா நல்லது. இப்ப வேணாம், ரத்தம் ஜாஸ்தி போகும். ரெண்டு மாசம் கழிச்சுக் கொண்டாங்க.”

“பண்ணிருவோம்” என்றாள் அம்மா.

அத்தை, “எங்கிட்டு கிழிப்பீங்க?” என்று கேட்டாள்.

டாக்டரம்மா லில்லியைப் புரட்டி, தொப்புளிலிருந்து கீழே நடுவாக விரலால் ஒரு கோடு இழுத்தார். அத்தை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப கொடல்வாலுக்கு?”

“நாய்க்கா?” டாக்டரம்மா சிரித்தார். “மனுசங்களுக்குன்னா வலது பக்கமா சின்னதா போடுவாங்க. ஏன், யாருக்கு?”

“சும்மா கேட்டேன்.”

அத்தையின் கை சேலைக்கு மேலே வயிற்றில் போய் நின்றது. ஆட்டோவில் வீடு வரும்வரை அங்கேயே இருந்தது. அவளுக்கு வயிற்றுவலி என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் சோடா வாங்கிவரவா என்று கேட்டேன்.

சில நாட்களில் லில்லியின் ஜட்டி கொடிக்குப் போனது. ஒரு காலையில் நாய்கள் இல்லை. அவை உட்கார்ந்த இடங்களில் மண் மட்டும் குழியாக இருந்தது. அன்று உச்சி வெயிலில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒற்றைக் காது நாய் உட்கார்ந்திருந்த குழியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வேலிக்கு வெளியே, வீட்டைப் பார்த்தபடி. கூப்பிட்டேன். என்னைப் பார்த்தாள், ஆனால் யாரென்று தெரிந்த மாதிரி இல்லை. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

“விடு, காத்தாட ஒக்காந்துருப்பாக” என்றாள்.

காற்றே இல்லை.

இரண்டு மாதம் போனது. லில்லியைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, அம்மா லில்லியின் தட்டைக் கழுவிக் கவிழ்க்கப் போனாள். ஆபரேஷனுக்கு முன்னால் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

“கொஞ்சம் இரு” என்றாள் அத்தை. “அதுகிட்டச் சொல்லிட்டீகளா?”

“யாருகிட்ட மதினி?”

“லில்லிகிட்ட.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அத்தை சிரிக்கவில்லை. லில்லியைத் தூக்கித் துவைக்கிற கல்லில் உட்காரவைத்து, அதன் முகத்தை இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டாள். பெரிய மனுஷர்களிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

“லில்லி, நாளைக்கு ஒன்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். ஊசி போடுவாக, தூங்கிருவ. முழிச்சுப் பாத்தா வயித்துல தையல் இருக்கும். குடல்வாலுன்னு சொன்னா நம்பாத. குட்டி தங்குறதுக்கு உள்ளே என்ன இருக்கோ அதை எடுத்துருவாக. ஒன் உசுருக்காகத்தான் எடுக்குறது, அதுல தப்பு இல்ல. ஆனா அப்பறம் ஒனக்குக் குட்டி பொறக்காது. எந்தக் கோயிலுக்கு நடந்தாலும் பொறக்காது, எத்தனை வருசம் நாளெண்ணிக்கிட்டு இருந்தாலும் பொறக்காது. தெரிஞ்சுக்க. ஒன்கிட்ட யாரும் சொல்லலன்னு இருக்கக்கூடாது.”

லில்லி அவள் மூக்கை நக்கியது.

“நாய்க்கு ஏது அத்தை குடல்வாலு!” என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள் என்று திரும்பினேன். அம்மா குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு நின்றாள். தட்டு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லில்லி கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பை மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டு ரேடியோக் குழாய் போல வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை அப்பா வீடியோ காலில் வந்தார். வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு. நான் போனை லில்லியிடம் கொண்டுபோனேன். அத்தை அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எப்போதும் தூரத்தில் நின்று “சாப்டியா தம்பி” என்று மட்டும் கேட்கிறவள்.

லில்லியின் வயிற்றில் நேராக இறங்கிய தையலுக்கு நேரே போனைப் பிடித்தாள்.

“பாத்தியா தம்பி, நடுவுல போட்ருக்காக” என்றாள். “அதுகிட்டச் சொல்லிட்டுத்தான் செஞ்சோம்.”

போனைத் திருப்பித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். நான் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். திரையில் அப்பா வாயைத் திறந்தபடி இருந்தார். அந்த வாய் மூடவில்லை. கண் இமைக்கவில்லை. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நெட்வொர்க் போயிருச்சு அத்தை, கட் பண்ணிட்டுத் திரும்பப் போடுங்க” என்றேன்.

அப்பாவின் தலைக்குப் பின்னால் அறையின் மின்விசிறி நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, சிக்னல் கிடைக்கட்டும் என்று அத்தை கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.