தலை நிமிராத பெண்

இன்று பெரியபாளையம் கோயில் வாசலில் நின்றபோது என் பாக்ஸ் கேமராவில் ஒரே ஒரு படத்துக்குத்தான் பிலிம் மிச்சம்.

அந்தக் கேமராவை வயிற்றோடு பிடித்து, குனிந்து அதன் மேல் கண்ணாடியைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கேமரா என்று தெரிந்தால் எல்லோரும் தலைவாரி விறைத்து நிற்பார்கள். தாவணிக்குள் பாதி மறைத்துக் குனிந்தால், கூச்சம் என்று விட்டுவிடுவார்கள்.

பூக்கடை அக்கா பக்கத்துத் தேங்காய்க்கடைக்காரரிடம் என்னைக் காட்டினாள்.

"பி.ஏ. படிச்ச பொண்ணு, அண்ணா. தல நிமிருதா பாரு! எனக்கும் ஒரு மருமவ கீறாளே!"

அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரங்கு அர்ச்சனைத் தட்டில் கை வைத்தது. நான் கத்தினால் பழம் பிழைக்கும், படம் போய்விடும்.

படத்தை எடுத்துவிட்டேன்.

குரங்கு பழத்தோடு கூரை ஏறியது.

"எதிர்லதானேம்மா நின்னுக்கினு இருந்த? ஒரு கொரல் குடுக்கக் கூடாது?" என்றார் தேங்காய்க்கடைக்காரர்.

அக்கா எனக்காகச் சண்டைக்குப் போனாள். "அதப் போயி இன்னாத்துக்குக் கேக்கற? பாவம், அது தரையத்தான் பாத்துக்கினு இருந்துச்சு!"

படம் கழுவி வந்ததும் அக்காவிடம் காட்டுவதா, நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொள்வதா? யோசனை சொல்லுங்கள். குரங்கைக் கேட்க முடியாது. அது மட்டும்தான் நேராகக் கேமராவைப் பார்த்தது.